குப்பை தராத வீடு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, எக்ஸ்பிரஸ் பஸ்கள் நிற்காமல் போகும் ஊர் பூவாணிக்குளம். பஸ் நிற்காவிட்டாலும் ஊருக்கு ஒரு பேரூராட்சி உண்டு. பேரூராட்சிக்கு மாடி வைத்த கட்டடம் உண்டு. கட்டடத்தின் சுற்றுச்சுவரில், ‘குறைவாக வாங்குவோம், நிறைவாக வாழ்வோம்’ என்று ஆளுயர எழுத்தில் பச்சைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். சென்ற ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தச் சுவரைத் தாண்டிப் புறப்பட்ட நோட்டீஸ் ஒன்று ஞானராஜ் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது.

‘தங்கள் இல்லம் கடந்த தொண்ணூறு நாட்களாகப் பேரூராட்சிக்குக் குப்பை வழங்கவில்லை என்பது தெரியவந்துள்ளது. இச்செயல் குப்பையில்லாப் பூவாணிக்குளம் திட்டத்துக்கு ஊறு விளைவிப்பதாகும். ஏன் தங்கள் மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.’

ஞானராஜ் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்கு ஃபிட்டர். ஐம்பத்து நாலு வயது. இதுவரை அவர் மேல் வந்த ஒரே புகார், ஆலயத்தில் பாட்டுப் பாடும்போது சுதி சேரவில்லை என்பதுதான். நோட்டீஸை இரண்டு தரம் படித்தார். பிறகு மனைவி தேவகிருபையிடம் நீட்டினார்.

“குப்பை போட்டாத்தான நோட்டீஸ் ஒட்டுவாக?” என்றார்.

தேவகிருபை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். “போடாததுக்குத்தான் ஒட்டியிருக்காக. நல்லாப் பாருங்க, முத்திரை குத்தியிருக்கு” என்றாள்.

அவர்கள் வீட்டில் குப்பை இல்லாமல் போனதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. ஆறு வருஷத்துக்கு முன் வாடகை வீடு மாறியபோது சாமான் ஏற்ற இரண்டு வண்டி போதவில்லை. மூன்றாவது வண்டிக்கு ஆள் அனுப்பிவிட்டுத் தெருவில் நின்றபோதுதான் இருவரும் தங்கள் சாமான்களை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார்கள். ஆடித் தள்ளுபடியில் வாங்கிப் பிரிக்காத ஜூஸ் பிழியும் மிஷின், இரண்டு இட்லி குக்கர், யாரும் ஏறாத உடற்பயிற்சி சைக்கிள். “இதுக்கா இம்புட்டு வருசம் ஓவர்டைம் பாத்தீக?” என்று தேவகிருபை கேட்டாள். மூன்றாவது வண்டியில் ஏற்ற வேண்டியதை எல்லாம் அங்கேயே அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வந்த பிறகு எதுவும் குறையவில்லை. ஞானராஜ் ஓவர்டைமை விட்டார். ஓவர்டைம் தொடங்கிய நாளிலிருந்து இருந்த முதுகுவலியும் அதோடு போனது. அரிசியை மூட்டையாக எடுத்தார்கள். எண்ணெய்க்குத் தூக்குவாளியோடு செக்குக்குப் போனார்கள். பால் செம்பில் வந்தது. காய்த்தோலும் முட்டைக்கூடும் கொல்லைப்புறத்து மண்தொட்டியில் விழுந்து எருவாகி, முருங்கைக்கும் பாகல்கொடிக்கும் போயின. பத்து மணிக்குப் படுத்துப் பன்னிரண்டு மணிவரை தூக்கம் வராமல் புரண்ட மனிதர், இப்போது படுத்தவுடன் தூங்கினார். குற்றம் இவ்வளவுதான்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பேரூராட்சிக்குப் போனார். தூய்மை மேற்பார்வையாளர் விஜயபாண்டி அவரை உட்காரவைத்துக் கைபேசியைக் காட்டினான். மூன்று மாதத்துக்கு முன் வந்த ‘தூய்மைத் தோழன்’ என்ற செயலியில் பூவாணிக்குளத்து வீடுகள் எல்லாம் பச்சைப் புள்ளிகளாக இருந்தன. நடுவில் சிவப்பாக ஒரே ஒரு புள்ளி.

“அதுதான் சார் நீங்க” என்றான்.

“நான் என்னப்பா செஞ்சேன்?”

“ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு நானூத்தம்பது கிராம் குப்பைன்னு மெட்ராஸ்ல ஆலோசனைக் கம்பெனி கணக்குப் போட்டுக் குடுத்திருக்கு. வாசல்ல இருக்க கியூஆர் அட்டைய ஸ்கேன் பண்ணி, எடை போட்டு ஏத்தணும். இருநூறுக்குக் கொறைஞ்சா செயலி ஏத்துக்காது. ஜீரோன்னு போட்டா, ‘மீண்டும் முயற்சிக்கவும்’னு சொல்லும். வண்டி ஓட்டி வர்ற பிள்ளையும் தெனம் முயற்சி பண்ணுது. பொறவு வேற வழியில்லாம ‘வீடு பூட்டியுள்ளது’ன்னு போட்டுட்டுப் போயிருது.”

“நாங்க வீட்டுலதான இருக்கோம்?”

“ஆபீஸ் கணக்குப்படி மூணு மாசமா இல்ல சார்.”

ஞானராஜ் எழுந்து போகப் பார்த்தார். விஜயபாண்டி குரலைத் தாழ்த்திக்கொண்டான். “உங்களுக்கு என்ன சார், அபராதம் கட்டிட்டுப் போயிருவீக. ஒரு வீடு செவப்பா இருந்தாக்கூட அந்த லைனுக்கு ஊக்கத்தொகை கெடையாது. மாரிச்செல்விக்குத் தெனம் அம்பது ரூவா போகுது. உங்க ஒரு வீட்டாலதான்.”

மாரிச்செல்வி அந்தத் தெருவுக்குப் பேட்டரி வண்டி ஓட்டிவரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். தினமும் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று, “இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்பாள். “இல்லம்மா” என்பார் ஞானராஜ். அதில் தனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்ததை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் உணர்ந்தார். தொண்ணூறு நாள் பெருமைக்கு யார் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

அடுத்த நாள் காலை அவளிடம் கேட்டார். “ஏம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா?”

“சொல்லி என்ன அண்ணாச்சி செய்ய? இல்லாதத எங்க இருந்து குடுப்பீக?” என்றாள் அவள். “இந்தத் தெருவுலயே உங்க வாசல்லதான் மூக்கப் பொத்தாம செத்த நேரம் நிப்பேன். அதக் கெடுத்துக்கிற வேண்டாம்னு இருந்தேன்.”

அவர் சட்டைப்பையில் கையை விட்டார். அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். “குப்பை இருந்தாக் குடுங்க அண்ணாச்சி. துட்டு வேண்டாம்.”

ஞானராஜ் அன்று மாலையே விளக்கம் எழுதினார். அரிசிமூட்டை, தூக்குவாளி, பால்செம்பு, மண்தொட்டி என்று ஒன்று விடாமல் எழுதி, ‘ஆகையால் எங்களிடம் குப்பை இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று முடித்தார். மூன்றாம் நாள் ஜீப்பில் ஆய்வுக்குழு வந்தது. செயல் அலுவலர் தங்கச்சாமி தலைமையில் நாலு பேர். தங்கச்சாமி தடித்த மனிதர். எதைப் பார்த்தாலும் அது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டுவார்.

குழு குப்பையைத் தேடியது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தது. பரண் மேல் டார்ச் அடித்தது. ஒருவர் பைபிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். அரை மணி நேரத்தில் தேடுவதற்கு இடம் தீர்ந்துபோயிற்று.

“சாமான் இவ்வளவுதானா?” என்று தங்கச்சாமி கேட்டார்.

“ஆமா சார். ரெண்டு பேருக்கு இது போதும்.”

“போதும்னு நீங்க எப்படி முடிவு பண்ணுனீங்க?”

ஞானராஜுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எழுத்தர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: ‘பொருட்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது.’ கொல்லைப்புறத்து மண்தொட்டிக்கு முன் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். நாடாவைப் பிடித்து அளந்தார்கள். அதன் பெயர், ‘உரிமம் பெறாத குப்பைக் கிடங்கு, இரண்டடிக்கு ஒன்றே முக்கால் அடி’ என்று பதிவானது. உள்ளே இருந்த எருவில் ஒரு கைப்பிடியை ஆதாரமாகப் பாலித்தீன் பையில் போட்டு முடிந்துகொண்டார்கள்.

ஆய்வு நடக்கும்போதே குழுவுக்குக் கடையிலிருந்து டீயும் வடையும் வந்தன. பேப்பர் கப், சட்னி கட்டிய கவர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தேவகிருபை தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது, “வெளியில தண்ணி குடிக்கிறதில்ல” என்று பாட்டிலைத் திறந்தார் தங்கச்சாமி. குழு போன பிறகு வாசற்படியில் கிடந்ததை எல்லாம் பொறுக்கி, மறுநாள் மாரிச்செல்வியிடம் கொடுத்தார் ஞானராஜ். எடை இருநூற்றுப் பத்துக் கிராம். தொண்ணூற்றைந்தாம் நாள், அந்த வீடு முதல்முறையாகப் பச்சையானது.

“சாரைத் தெனம் வரச்சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் மாரிச்செல்வி.

அவர் தினம் வரமாட்டார் என்பதால் ஞானராஜ் பெட்டிக்கடைக்குப் போனார். ஆறு வருஷத்துக்குப் பிறகு சிப்ஸ் பாக்கெட் வாங்கினார். பத்து ரூபாய் பாக்கெட் இருபது. தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தின்னச் சொல்லிவிட்டு, காலி உறைகளைச் சேர்த்துக் கட்டி மாரிச்செல்வியிடம் நீட்டினார். அவள் தராசில் தொங்கவிட்டாள். முள் அசையவேயில்லை.

“சிப்ஸ்காரன் காத்துக்குத்தான துட்டு வாங்குதான். உறை எங்க எடை நிக்கும்?” என்றாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது, நிபந்தனையை நிறைவேற்ற நாளொன்றுக்கு நூறு பாக்கெட்டாவது வேண்டும் என்று தெரிந்தது. தெருப்பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அதற்குள் வயிற்றுப்போக்கு. தேவகிருபை அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: “தறிக்கு நட்டு முடுக்கிச் சம்பாதிச்சுக் குப்பை வாங்குற ஆள இப்பத்தான் பாக்கேன்.”

“அந்தப் பிள்ளைக்கு அம்பது ரூவா போகுதே கிருபை.”

“அது எனக்குத் தெரியாதா? நீங்க எதுக்கு வாங்கணும்? அடுத்த வீட்டுல கொட்டிக் கெடக்கே.”

அடுத்த வீடு குருசாமியுடையது. நூற்பாலையில் கொள்முதல் அதிகாரி. அலுவலகத்தில் வாங்கியது போதாமல் வீட்டுக்கு வந்தும் கைபேசியில் வாங்குவார். நாளைக்கு மூன்று பார்சல் வரும். ஒரு சோப்பு, அதைச் சுற்றிக் குமிழி உறை, அதற்கு மேல் அட்டைப்பெட்டி, அதற்கும் மேல் நெகிழி நாடா. அவர் வாசலில் கிடந்த மலையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி தரமுடியுமா என்று ஞானராஜ் கேட்டபோது குருசாமி அவரை உட்காரச் சொன்னார்.

“என்ன சார், கஷ்டமா?” என்று கரிசனத்தோடு விசாரித்தார். “எதுக்குச் சங்கடப்படுறீங்க. வேணுங்கிறத எடுத்துக்கங்க. நாளைக்கு ஏர் ஃபிரையர் வருது. அதுக்கு நல்ல பெட்டி.”

பதினோரு நாள் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மாரிச்செல்விக்குப் பதினோரு நாளும் ஊக்கத்தொகை வந்தது. பன்னிரண்டாம் நாள் பேரூராட்சிக் கிடங்கில் தணிக்கை. ஞானராஜ் வீட்டுக் கணக்கில் ஏறிய பெட்டியில் ‘குருசாமி’ என்று முகவரிச் சீட்டு இருந்தது. அதே நாளில் குருசாமி வீட்டு எடை வழக்கத்தைவிடக் குறைந்து மஞ்சளாகியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பேரூராட்சி உண்மையைக் கண்டுபிடித்துவிட்டது.

விசாரணை செயல் அலுவலர் அறையில் நடந்தது. ஞானராஜும் தேவகிருபையும் ஒரு பக்கம். விஜயபாண்டியும் மாரிச்செல்வியும் மறுபக்கம். குற்றப்பத்திரிகையில் மூன்று குற்றங்கள் இருந்தன: குப்பை தராமை, உரிமமின்றிக் குப்பை வைத்திருத்தல், பிறர் குப்பையைத் தன் குப்பையெனக் காட்டி மோசடி செய்தல்.

“சார், மொத ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே” என்றார் ஞானராஜ்.

“வேற வேற பிரிவு. இடிக்காது” என்றார் தங்கச்சாமி. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “மிஸ்டர் ஞானராஜ், குப்பையில்லா நகரம்ங்கிறது எங்க லட்சியம். குப்பை இருந்தாத்தான அதை இல்லாம ஆக்க முடியும்? நீங்க பாட்டுக்கு முதல்லயே இல்லாம வச்சுட்டா நாங்க எதை ஒழிக்கிறது? ஒரு நாளைக்கு ஏழு டன் அரைக்கிற மிஷின் இறக்கியிருக்கோம். நம்ம ஊர்ல வர்றது நாலு டன். மிச்சம் மூணு டன்னுக்குப் பக்கத்து ஊர்கள்ல கெஞ்சி வாங்கிட்டு வர்றோம். லாரி வாடகை யார் குடுக்கிறது? இருக்கிற நிலைமையில ஒவ்வொரு குடிமகனும் கொஞ்சம் கூடப் போட்டு ஒத்துழைக்கணும்.”

“அப்ப வெளிய செவத்துல, கொறைவா வாங்கச் சொல்லி எழுதியிருக்கே சார்?”

“எழுதினதுக்கு ஒதுக்கீடு வந்தது, எழுதினோம்” என்றார் தங்கச்சாமி. “அதை நீங்க செய்யிறதுக்கு ஒதுக்கீடு கிடையாது.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. எழுத்தர் அதையும் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. ஞானராஜுக்கு எச்சரிக்கை. குப்பை மாற்றத்துக்கு உடந்தையாக இருந்த மாரிச்செல்விக்குப் பதினோரு நாள் ஊக்கத்தொகை பிடித்தம். இனி ஒரு நாள் சிவப்பு விழுந்தாலும் வேலை கிடையாது. மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு, “சரிங்க சார்” என்றாள். அந்த ‘சரிங்க சார்’ ஞானராஜை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. வாழ்க்கையில் எந்த அதிகாரி முன்பும் குரலை உயர்த்தாதவர். அப்போதும் உயர்த்தவில்லை.

“அந்தப் பிள்ள பேர்ல தப்பு இல்ல சார். எங்க வீட்ட அது லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க. அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்.”

விஜயபாண்டி கைபேசியைத் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்க்கப் பதினேழு வழிகள் இருந்தன. எடுக்க ஒரே வழிதான் இருந்தது. தயங்கித் தயங்கிப் படித்தான்: “‘குடியிருப்போர் அனைவரும் காலமாகிவிட்டனர்.’”

ஞானராஜ் மனைவியைப் பார்த்தார். தேவகிருபை விஜயபாண்டி பக்கம் திரும்பினாள்.

“செத்தா, தண்ணிக் குழாய வெட்டிருவாகளா?” என்று கேட்டாள்.

“அது வேற செக்‌ஷன்மா” என்றான் விஜயபாண்டி. “அங்க வரி கட்டுற வரைக்கும் நீங்க உசுரோடதான் இருப்பீக.”

“ரேஷன்?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. இது குப்பைக்கு மட்டும் சாவு.”

“அப்பப் போட்டுருங்க” என்றாள் தேவகிருபை. “ரெண்டு பேரையும் சேத்தே போடுங்க. இவுகள மட்டும் போட்டா அப்பவும் நான் நானூத்தம்பது கிராம் குடுக்கணும்.”

தங்கச்சாமி எழுந்திருக்க இருந்தவர் உட்கார்ந்துவிட்டார். சட்டத்தில் ஏதாவது தடை இருக்கிறதா என்று எழுத்தரைக் கேட்டார். உயிரோடு இருப்பவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை என்றார் எழுத்தர். மாரிச்செல்வி மட்டும், “வேண்டாம் அண்ணாச்சி, வாய்ல நல்ல வார்த்தை வரட்டும்” என்று அழுதாள். விஜயபாண்டி விரலால் ஒரு தட்டுத் தட்டினான். சிவப்புப் புள்ளி மறைந்தது. பூவாணிக்குளம் முழுக்கப் பச்சையானது. செயல் அலுவலர் அந்தத் திரையைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்து, கல்யாண மண்டபத்தில் திட்டத்தின் வெற்றி விழா நடந்தது. மண்டபத்துக்கு வெளியே பதினாறு ஃபிளக்ஸ் பலகைகள். மேடையில் இருந்தவர்களுக்கு நெகிழிப்பூ மாலை, நெகிழி உறையில் சால்வை, நெகிழிப்பெட்டியில் பால்கோவா. ஊர்க்காரர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று தண்டோரா போட்டிருந்ததால் ஞானராஜும் தேவகிருபையும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். விருந்தினராக வந்திருந்த உயரதிகாரிக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொரு பேரூராட்சியும் குப்பையே தராத ஒரு முன்மாதிரி இல்லத்தைக் கௌரவிக்க வேண்டும் என்பது விதி. இந்த ஊரில் அப்படி ஒரு வீடு உண்டா?

செயலியைக் கேட்டார்கள். அது ஒரே ஒரு பெயரைச் சொன்னது.

தங்கச்சாமி ஒலிபெருக்கியைப் பிடித்தார். குரலில் துக்கம் தானாக வந்து சேர்ந்தது. “மறைந்த திரு. ஞானராஜ் அவர்களும் அவரது துணைவியாரும் நம் மண்ணுக்குக் கிடைத்த மாணிக்கங்கள். எளிமையே வடிவாக வாழ்ந்தார்கள். அவர்கள் இல்லத்துக்கு நானே நேரில் சென்றிருக்கிறேன். அந்த வீட்டின் எளிமையைக் கண்டு என் கண்கள் பனித்தன. அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்வதற்குள் காலன் கொண்டுபோய்விட்டான். இந்த மாமனிதர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்துவோம்.”

கூட்டம் எழுந்து நின்றது. ஞானராஜும் நின்றார், எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று. ஒரு நிமிடம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவர் நின்றார்.

“சார், ஒரு விண்ணப்பம்” என்றார். “மாரிச்செல்விக்குப் பிடிச்ச துட்ட மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

விஜயபாண்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான். “உக்காருங்க சார். மேலதிகாரி பாக்காரு. நீங்க செத்துட்டீக.”

“யார் அவர்?” என்று உயரதிகாரி கேட்டார்.

“இறந்தவர்தான் சார்” என்றார் எழுத்தர். வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

உயரதிகாரி ஞானராஜைப் பார்த்தார். கைபேசியில் இருந்த பச்சைப் பூவாணிக்குளத்தைப் பார்த்தார். மாவட்டத்தில் முழுப்பச்சையான ஒரே ஊர் அது. அடுத்த வாரம் அதைக் காட்டி அவர் டில்லிக்குப் போக வேண்டியிருந்தது. “காலமானவர்களின் கோரிக்கைகளைப் பரிசீலிக்க விதியில் இடமில்லை” என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. விருதைப் பெற வாரிசுகள் யாரும் முன்வராததால், அடுத்த வீட்டுக்காரர் என்ற முறையில் குருசாமி மேடையேறினார். கேடயத்தோடு ஒரு மிக்சியும், பன்னிரண்டு டப்பாக்கள் கொண்ட நெகிழிச் சமையல் செட்டும் கொடுத்தார்கள். பன்னிரண்டு டப்பாவுக்கும் தனித்தனிப் பெட்டி.

திரும்பி வரும் வழியில் தேவகிருபை சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தாள். “பேசிப் பாத்துட்டீகல்ல. போதும்” என்றாள். ஞானராஜ் மிதித்துக்கொண்டே போனார். மண்டபத்தில் அத்தனை பேர் கைதட்டியது காதில் இருந்துகொண்டே இருந்தது. வீடு வந்து கால் கழுவிப் படுத்தும் அன்று அவருக்குத் தூக்கம் பிடிக்க நேரமாயிற்று.

காலை ஏழு மணிக்கு மாரிச்செல்வியின் வண்டி வந்தது. அந்த வாசலில் நிற்கவில்லை. காலமானவர்கள் வீட்டு முன் நின்றால் ஜிபிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும். வண்டியைக் குருசாமி வீட்டுக் குப்பைமலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி நடந்துவந்தாள். தேவகிருபை தம்ளரில் காப்பி கொடுத்தாள்.

“நேரமாகலியாம்மா? கேக்க மாட்டாகளா?” என்றார் ஞானராஜ்.

“ஒண்ணும் கேக்க மாட்டாக அண்ணாச்சி. குருசாமி சார் வீட்டுக் குப்பையத் தரம் பிரிச்சு ஏத்தவே அரை மணி நேரம்னு செயலியே போட்டிருக்கு” என்ற மாரிச்செல்வி, முருங்கை நிழலில் மண்தொட்டி ஓரமாக உட்கார்ந்து காப்பியை ஆற்றிக் குடித்தாள்.